டோக்கியோவின் பழைய நாபே, சோபா கடைகளில் சாப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கு வேலைக்கோ சுற்றிப்பார்க்கவோ வருகிற நம்மவர்கள் ராமென் கடைக்குள் தயங்காமல் நுழைந்துவிடுகிறார்கள். வாசலில் துணித்திரை தொங்கும் பழைய மரக்கட்டடம் என்றால் மட்டும் கால் நின்றுவிடுகிறது. உள்ளே என்ன கேட்பார்கள், எப்படி உட்கார வேண்டும், எதில் என்ன இறைச்சி இருக்கும் என்ற கேள்விகள்தான் காரணம். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. டோக்கியோவின் கண்டா பகுதியில் உள்ள கடைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஜப்பானின் மற்ற ஊர்களில் இருக்கும் பழைய கடைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இத்தனை இடம் இருக்க, ஏன் கண்டா?

அகிஹபாராவின் மின்சாதனக் கடைகளிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சுதாசோ, அவாஜிசோ என்ற சிறிய தெருக்கள் வரும். 1923 செப்டம்பர் 1 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில் இந்தப் பகுதி எரிந்துபோனது. அதன்பின் கடைக்காரர்கள் மறுபடி மரத்தில் கட்டினார்கள். 1945 குண்டுவீச்சில் டோக்கியோவின் பெரும்பகுதி சாம்பலானபோது இந்தச் சில தெருக்கள் தப்பிவிட்டன. அதனால்தான் கிட்டத்தட்ட நூறாண்டுப் பழமையுள்ள கட்டடங்களில் இன்றும் அடுப்பு எரிகிறது.

சோபா நூடுல்ஸுக்கு 1880இல் தொடங்கிய கண்டா யாபு சோபா, 1884இல் தொடங்கிய கண்டா மட்சுயா. நாபேக்கு 1830 முதல் நடக்கும் இசேகென், மெய்ஜி காலத்துக் (1868-1912) கோழிக் கடையான போத்தான். இனிப்புக்கு 1930இல் தொடங்கிய தகேமுரா. ஐந்தும் ஒன்றுக்கொன்று சில நிமிட நடைதான். இவற்றில் யாபு சோபாவின் பழைய கட்டடம் 2013 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் புதுக் கட்டடத்தில் கடை மறுபடி திறந்தது. பழைய கூடம் போனது இழப்புதான். ஆனாலும் கடையின் நடைமுறை ஒன்றுகூட மாறாமல் திரும்பி வந்ததைப் பார்க்கும்போது, இந்தக் கடைகளை நிறுத்தி வைத்திருப்பது சுவர் மட்டும் இல்லை என்று தெரிகிறது.

நாபே என்பது என்ன? சோபா என்பது என்ன?

நாபே என்றால் பானை. மேசை நடுவே அடுப்பை வைத்து, பானையில் சாறு கொதிக்கக் கொதிக்கக் காய்கறி, மீன், இறைச்சி, டோஃபு எல்லாம் போட்டு, வேக வேக எடுத்துச் சாப்பிடுவது. ஊருக்கு ஊர் வகை உண்டு. ஃபுகுவோகாவில் கோழியை வேகவைக்கும் மிசுதாகி, ஹொக்காய்தோவில் சால்மனும் மிசோ என்ற புளித்த சோயா விழுதும் சேரும் இஷிகாரி நாபே, அகிதாவில் சோற்றைப் பிசைந்து குச்சியில் சுட்டுப் போடும் கிரிதான்போ. டோக்கியோவின் ரியோகொகு பக்கம் போனால் சூமோ வீரர்களின் உணவான சாங்கோ நாபே.

சோபா என்பது பக்வீட் மாவில் செய்யும் பழுப்புநிற நூடுல்ஸ். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்தில் சமைக்கிற குட்டு மாவும் இதுதான். பக்வீட் தனியாகப் பிடிப்புக் கொடுக்காது என்பதால் பெரும்பாலும் கொஞ்சம் கோதுமை மாவு சேர்ப்பார்கள். எட்டுக்கு இரண்டு என்பது பரவலான கணக்கு. யாபு சோபாவில் பத்துக்கு ஒன்று.

நாபேயும் நூடுல்ஸும் ஒரே பானையில் சேரும் வகையும் உண்டு. ஒசாகாவின் மிமியு கடை 1928இல் கொண்டுவந்த உதோன் சுகி அதில் பெயர்பெற்றது. உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ் ஆரம்பம் முதலே பானையில் கிடக்கும், இறால், சிப்பி, கோழி, காளான் எல்லாம் அதைச் சுற்றி வேகும்.

முன்பதிவு செய்ய வேண்டுமா? தனியாகப் போகலாமா?

சோபா கடைக்கு வேண்டியதில்லை. வரிசையில் நின்றால் போதும், வரிசை வேகமாக நகரும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் நிம்மதியாக உட்காரலாம்.

நாபே கடைக்கு, குறிப்பாகக் குளிர்காலத்தில், கட்டாயம் முன்பதிவு செய்யுங்கள். தங்கும் ஹோட்டலில் சொன்னால் அவர்களே தொலைபேசியில் பேசிக் கொடுப்பார்கள். மாட்டிறைச்சி கூடாது, முட்டை கூடாது, முட்டி மடக்கி உட்கார முடியாது என்பது போன்ற விஷயங்களையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். நாபேயைப் பெரும்பாலான கடைகளில் இரண்டு பேருக்குக் குறைந்து தரமாட்டார்கள். தனியாக வந்தவர் மனம் தளர வேண்டாம். சோபா கடையில் குளிர்காலத்தில் 'நாபேயாகி உதோன்' என்று கேளுங்கள். ஒரு ஆளுக்கான சின்ன மண்சட்டியில் உதோன், இறால் தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), மீன் பிட்டு (அரைத்த மீனை அவித்த கட்டி), முட்டை எல்லாம் கொதித்தபடியே மேசைக்கு வரும். மட்சுயாவில் உண்டு. தனியாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்தப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை மூடும் கடைகள் பல. போகும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்?

எத்தனை பேர் என்று விரலால் காட்டினால் போதும். தரை உயர்ந்து பாய் விரித்திருந்தால், அந்த விளிம்பிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். பாய்மீது எந்தச் செருப்பும் கூடாது, வீட்டுச் செருப்பும் கூடாது. கழிவறைக்குத் தனிச் செருப்பு இருக்கும், அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். கிழியாத காலுறை போட்டுக்கொண்டு போங்கள்.

சம்மணம் போட்டு உட்கார நமக்குச் சிரமம் இல்லை என்பது பெரிய வசதி. ஆண்கள் அப்படி உட்காருவது இங்கே சாதாரணம். பெண்கள் காலை ஒரு பக்கமாக மடித்து உட்காருவது வழக்கம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் 'இசு நோ செகி' என்று நாற்காலி இருக்கையைக் கேளுங்கள். சில கடைகளில் மேசைக்கு அடியில் காலைத் தொங்கவிடும்படி பள்ளம் இருக்கும்.

முதலில் ஈரத்துணி வரும். அது கைக்கு. முகம் துடைக்கக் கூடாது. அப்புறம் தேநீர் வரும், அதற்குக் காசு இல்லை. மாலையில் மது தரும் கடைகளில், நீங்கள் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஏதாவது வந்தால் அது இருக்கைக்கான கட்டணத்தோடு சேர்ந்தது. பில்லில் சில நூறு யென் ஏறும்.

சோபா கடையில் எதைக் கேட்பது?

முதல் தடவை என்றால் செய்ரோ. மூங்கில் பாய் விரித்த தட்டில் குளிர்ந்த சோபா, பக்கத்தில் சிறு கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளும் சாறான ட்ஸுயு, வெங்காயத்தாள், காரமான பச்சை விழுதான வசாபி. அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லாததால் மாவின் மணம் நேராகத் தெரியும். யாபு சோபாவில் நூடுல்ஸ் லேசான பச்சை ஓடியிருக்கும். சரஷினா என்ற இன்னொரு மரபில் பக்வீட் மணியின் நடுப்பகுதியை மட்டும் அரைப்பதால் வெள்ளையாக இருக்கும். பழைய டோக்கியோ சோபா மரபுகளில் மூன்றாவது சுனாபா.

ஒரு தட்டு நம் பசிக்குக் குறைவு. இரண்டு தட்டு சொல்வது இங்கே வழக்கம்தான், யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். ஒன்றை முடிக்கும் சமயத்தில் அடுத்ததைச் சொல்லுங்கள். வெந்து, குளிர்ந்த நீரில் அலசி வந்த சோபா காத்திருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

வாத்துக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு குளிர்காலத்தில் காமோ நன்பான் உண்டு. சூடான சாற்றில் வாத்தும் தடித்த வெங்காயத்தாளும் போட்டது. வாத்துக் கொழுப்பு சாற்றின்மேல் மினுங்கும், அந்தக் கொழுப்பில் வெந்த வெங்காயத்தாள்தான் அதில் ருசியே.

யாபு சோபாவில் இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் சொன்னதை அந்தக் கடையின் பெண்மணி ராகம் இழுத்துச் சமையலறைக்குச் சொல்வார். எழுதிக் கொடுப்பதைவிட அது வேகம், கூடம் முழுக்கக் கேட்கும். பக்கத்து மேசைக்கு என்ன வருகிறது என்று காதால் தெரிந்துகொள்ளும் கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

உறிஞ்சிச் சாப்பிட வேண்டுமாமே? சத்தம் வந்தால் தப்பில்லையா?

தப்பே இல்லை. காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் பக்வீட்டின் மணம் மூக்குக்கு ஏறும். நம் வீட்டுப் பழக்கம் தடுத்தால் சத்தமில்லாமல் சாப்பிடுங்கள், அதையும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் நூடுல்ஸைக் கடித்துத் துண்டாக்கிப் பாதியைக் கிண்ணத்தில் விடாமல் பாருங்கள்.

இதைவிட முக்கியம், தொட்டுக்கொள்ளும் அளவு. கண்டா பகுதிக் கடைகளில் ட்ஸுயு கறுத்து, உப்பேறி, அழுத்தமாக இருக்கும். சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி சில நாள் ஊறவைத்த கலவையோடு காய்ந்த மீனின் சாறு சேர்த்தது அது. நூடுல்ஸின் கீழ் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். முழுவதையும் அமிழ்த்தினால் உப்பு மட்டும்தான் மிஞ்சும். வசாபியை ட்ஸுயுவில் கரைக்காமல் சோபாவின்மேல் துளி வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், மணம் தனியாக நிற்கும். பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடும் சாப்பாடு இது. பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் ஒரு ஜாடியில் வெந்நீர் வைத்தார்கள். கை கழுவவா?

குடிக்க. அது சோபாயு, சோபா வெந்த தண்ணீர். கிண்ணத்தில் மிஞ்சிய ட்ஸுயுவில் அதை ஊற்றி, உங்கள் நாக்குக்கு ஏற்ற உப்பில் கலந்து குடிப்பார்கள். நம் வீட்டில் சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பதைப் போலத்தான். நூடுல்ஸிலிருந்து கரைந்த மாவு அதில் இருக்கிறது, மதியத்தில் பல முறை வேகவைத்த பிறகு வரும் சோபாயு பால்போல வெளுத்துக் கனமாக இருக்கும்.

இதைக் குடிக்காமல் எழுந்துவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ட்ஸுயு அத்தனை உப்பாக இருப்பதற்குப் பாதி நியாயம் இதில் இருக்கிறது. நீர்த்த பிறகுதான் அதற்குள் இருக்கும் மீன் சாற்றின் ருசி வெளிவரும். ஜாடி தானாக வராவிட்டால் 'சோபாயு ஒநெகாய்ஷிமாஸ்' என்று கேளுங்கள்.

நாபே கடையில் யார் சமைப்பது? நாமா, அவர்களா?

கடையைப் பொறுத்தது. பல பழைய கடைகளில் முதல் சுற்றைப் பணிப்பெண் வந்து போட்டுக் காட்டுவார். அதன்பின் உங்கள் கையில். அவர் செய்வதை ஒரு தடவை கவனித்துப் பார்த்துவிட்டால் அடுத்த சுற்றுக்குப் பயமில்லை.

அடிப்படை இதுதான். வேக நேரம் எடுப்பது முதலில்: முள்ளங்கி, கேரட், சீனக் கோஸின் வெள்ளைத் தண்டு, எலும்புள்ள மீன், கோழி. பிறகு காளான், டோஃபு. கீரை கடைசியில், போட்டதும் எடுத்துவிட வேண்டும். அங்கே போடும் கீரைகளில் சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஷுங்கிகு லேசாகக் கசக்கும், எனக்கு மிகவும் பிடித்தது அது. கண்ணாடி இழைபோல இருக்கும் ஷிராதாகியைப் பார்த்து ஏதோ கடல் பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது கொன்னியாகு கிழங்கு மாவில் செய்தது, சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு.

பானையை ஒரேயடியாக நிரப்பாதீர்கள். சாறு கொதி இறங்கினால் எல்லாம் அரைவேக்காடாகிவிடும். மேலே மிதக்கும் நுரைக்கசடை எடுக்க ஒரு சல்லடைக் கரண்டியும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்திருப்பார்கள். பொறுமையாக எடுத்துக்கொண்டே இருங்கள், கடைசிச் சாறு அதனால்தான் தெளிவாக வரும். ஜப்பானியக் குழுக்களில் ஒருவர் பானையின் முழுப் பொறுப்பையும் ஏற்று, எது எப்போது போகலாம் என்று கட்டளையிடுவார். அவருக்கு 'நாபே நடுவர்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே உண்டு. உங்கள் மேசையிலும் அப்படி ஒருவர் இருப்பது நல்லது.

பச்சை இறைச்சியைத் தொடும் குச்சி வேறு, சாப்பிடும் குச்சி வேறு. கோழி நாபேயில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீளமான தனிக் குச்சி வைக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது, சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நடக் கூடாது. இரண்டும் அவர்கள் இழவுச் சடங்கில் செய்வது.

இசேகென், போத்தான் கடைகளில் என்ன கிடைக்கும்?

இசேகென் அங்கோ மீனுக்கென்றே உள்ள கடை. ஆழ்கடல் தரையில் கிடந்து, தலையிலிருந்து நீளும் ஒரு இழையை ஆட்டி இரையை வரவழைக்கும் மீன் அது. பார்க்க அழகில்லை. உடல் வழுவழுப்பாகவும் தொளதொளப்பாகவும் இருப்பதால் பலகையில் வைத்து வெட்ட முடியாது. கொக்கியில் தொங்கவிட்டு வெட்டுவது பழைய முறை. சதை, ஈரல், தோல், இரைப்பை, சினைப்பை, செவுள், துடுப்பு என்று ஏழு பகுதிகள் சாப்பாட்டுக்குப் போகும். முள்ளைத் தவிர வீணாவது ஒன்றுமில்லை. அகன்ற, ஆழமில்லாத பானையில் சோயா சாஸ் கலந்த சாற்றில் வேகும். தோல் கொழகொழப்பாக இருக்கும், ஈரல் வெண்ணெய்போல் கரையும், சதை இறாலைவிட உறுதி. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது வேறு எங்கும் எளிதில் வாய்க்காத அனுபவம். நவம்பர் முதல் மார்ச் வரை சரியான பருவம், ஈரல் பெருத்திருக்கும் மாதங்கள் அவை.

போத்தானில் கோழி மட்டும்தான். கரி அடுப்பின்மேல் இரும்புச் சட்டி, அதில் கோழிச் சதை, உள்ளுறுப்பு, அரைத்த உருண்டை, டோஃபு, வெங்காயத்தாள், ஷிராதாகி. இனிப்பும் சோயாவும் கலந்த சாறு. எரிவாயு வந்த பிறகும் கரியை விடவில்லை என்பதை வாசனையிலேயே உணரலாம்.

பச்சை முட்டை தருகிறார்களே, சாப்பிடலாமா?

இனிப்பும் சோயாவும் கலந்த சாற்றில் வேகவைக்கும் சுகியாகி வகை நாபேயில் கொதிக்கக் கொதிக்க எடுத்த துண்டை அடித்த முட்டையில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். சூடு தணியும், சாற்றின் இனிப்பும் மட்டுப்படும். ஜப்பானில் முட்டையைப் பச்சையாகச் சாப்பிடுவார்கள் என்ற எண்ணத்தோடுதான் கழுவி, சோதித்து, அதற்கான கெடுநாள் அச்சிட்டு விற்கிறார்கள். ஆனாலும் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் முதியவர்களும் தவிர்ப்பது நல்லது. மனம் ஒப்பாதவர் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாற்றோடு சாப்பிடலாம். அல்லது அந்த முட்டையைக் கடைசியில் சோற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த பிறகு 'ஷிமே' என்று கேட்டார்களே?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். பானையில் போட்டதையெல்லாம் தின்று முடித்த பிறகு மிஞ்சும் சாற்றில்தான் அந்த வேளையின் முழு ருசியும் இறங்கியிருக்கிறது. மீனின் ஈரல், கோழியின் எலும்பு, காளான், கோஸ் எல்லாம் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்த சாறு அது. அதை விட்டுவிட்டு எழுந்தால் செலவழித்த காசில் நல்ல பாதி பானையிலேயே போய்விடும்.

அதனால் கடைசியில் அந்தச் சாற்றில் சோற்றையோ உதோனையோ போடுவார்கள். அதுதான் ஷிமே. சோறு என்றால் ஓஜியா: சோற்றைப் போட்டுக் கொதிக்கவிட்டு, அடித்த முட்டையை மெல்லிய தாரையாகச் சுற்றி ஊற்றி, மூடி வைத்து, அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் முட்டை பாதி உறைந்திருக்கும். மேலே வெங்காயத்தாள். இசேகெனில் அங்கோவுக்குப் பிறகு வரும் ஓஜியாவுக்காகவே நான் அந்த மீனைச் சிபாரிசு செய்வேன். கோழி சுகியாகி என்றால் மிஞ்சிய சாற்றில் முட்டையைக் கலந்து சோற்றின்மேல் ஊற்றிக்கொள்வதும் உண்டு.

நம்மவர்கள் நாபேயின் நடுவிலேயே சோறு கேட்டு வயிற்றை நிரப்பிவிடுகிறார்கள். கேட்டால் தருவார்கள்தான். ஆனால் கொஞ்சம் பொறுத்து, கால் வயிறு இடம் விட்டு வையுங்கள். சாறு வற்றியிருந்தால் கூடுதல் சாறு கேளுங்கள், உப்பு ஏறியிருந்தால் வெந்நீர் கேளுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன். என்ன செய்வது?

சுகியாகி, மெல்லிய இறைச்சித் துண்டைக் கொதிநீரில் அலசி எடுக்கும் ஷாபு ஷாபு இரண்டும் பொதுவாக மாட்டிறைச்சிதான். இரண்டும் அத்தனை பழையவை இல்லை. 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்த பிறகு வெளிநாட்டுப் பழக்கமாக மாட்டிறைச்சி பரவி, மெய்ஜி காலத்தில் நாபேக்குள் வந்தது. ஷாபு ஷாபு என்ற பெயரை ஒசாகாவின் சுஎஹிரோ கடை 1952இல்தான் வைத்தது. அதற்கு முந்தைய நாபே மரபு மீன், கோழி, காய்கறி சார்ந்தது. ஆகவே அவற்றைத் தேடினால் எதையும் இழந்ததாக நினைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கண்டா கடைகள் அதற்கு ஏற்றவை. சொல்ல வேண்டிய வாக்கியம்: 'கியூனிகு வா தபேராரேமாசென்', மாட்டிறைச்சி சாப்பிட இயலாது.

நான் சுத்த சைவம். சோபாவாவது சாப்பிடலாமா?

நூடுல்ஸ் சைவம், ட்ஸுயு சைவம் இல்லை. உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவி எடுக்கும் தாஷிச் சாறு இந்தச் சமையலில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. மிசோ சூப்பிலும் உண்டு, காய்கறி வேகவைத்ததிலும் உண்டு, முட்டைப் பொரியலிலும் உண்டு. 'இறைச்சி இல்லை' என்று கடைக்காரர் மனதாரச் சொல்லும்போதும் மீன் சாறு அவர் கணக்கில் வந்திருக்காது. எனவே 'கட்சுவோ தாஷி ஹைத்தே இமாஸ் கா' என்று அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

சோபா கடையில் செய்ரோவை ட்ஸுயு இல்லாமல் உப்பும் வசாபியும் தொட்டுச் சாப்பிடலாம். சோபாவை நேசிக்கிறவர்களே அப்படிச் சாப்பிடுவதுண்டு, அதனால் கேட்கக் கூச்சம் வேண்டாம். சோயா சாஸ் மட்டும் தனியாகத் தருவார்கள். சோபாயுவை வெறுமனே குடியுங்கள். யாகிநோரி என்று சுட்ட கடற்பாசித் தாள் கிடைக்கும். யாபு சோபாவில் அடியில் கரித்துண்டு வைத்த மரப்பெட்டியில் அது மொறுமொறுப்பு குறையாமல் வரும். தெம்புராவில் காய்கறி மட்டும் கேட்டாலும் இறால் பொரித்த எண்ணெயில்தான் பொரிப்பார்கள், மாவில் முட்டையும் இருக்கலாம்.

நாபே வேண்டும் என்றால் கண்டாவில் தேடாமல் கியோத்தோவுக்குப் போங்கள். நான்சென்ஜி கோயிலைச் சுற்றி யுதோஃபு கடைகள் உண்டு. கொம்பு என்ற கடற்பாசி போட்ட நீரில் டோஃபுவைச் சூடாக்குவது, அவ்வளவுதான். அங்கேயும் தொட்டுக்கொள்ளும் சாஸில் மீன் சாறு இருக்கலாம், வெறும் சோயா சாஸ் கேளுங்கள்.

அலர்ஜி உள்ளவர்களுக்கு?

பக்வீட் ஒவ்வாமை சிலருக்கு மூச்சடைக்கும் அளவுக்குக் கடுமையாக வரும். ஜப்பானில் பொட்டல உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருள்களில் முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு போன்றவற்றோடு பக்வீட்டும் ஒன்று. உணவகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். சோபா கடையில் உதோன் வாங்கினாலும் ஒரே தண்ணீரில் வெந்திருக்கலாம், காற்றிலும் மாவு இருக்கும். ஒவ்வாமை இருந்தால் சோபா கடைக்குள்ளேயே போகாதீர்கள். கோதுமை ஆகாதவர்களுக்கும் சோபா தீர்வு ஆகாது. கலப்பு மாவு ஒரு பக்கம், சோயா சாஸிலும் கோதுமை உண்டு.

மது குடிக்காவிட்டால் மதிப்புக் குறையுமா?

இல்லை. சோபா வருவதற்கு முன் ஒரு சின்னக் குடுவை சாகே என்ற அரிசி மது, கூட மீன் பிட்டு, சுட்ட நோரி என்று உட்கார்ந்திருப்பது டோக்கியோவின் பழைய வழக்கம், பிற்பகல் மூன்று மணிக்குக்கூட முதியவர்கள் தனியாக அப்படி இருப்பதைப் பார்க்கலாம். நீங்கள் தேநீரோடு அதே தட்டுகளைச் சாப்பிடலாம். மார்க்க காரணத்தால் மதுவை முற்றிலும் தவிர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ட்ஸுயுவிலும் நாபேச் சாற்றிலும் மிரினோ சாகேயோ சேர்த்திருப்பார்கள். காய்ச்சியதுதான் என்றாலும் சேர்த்தது சேர்த்ததே.

எவ்வளவு செலவாகும்? டிப்ஸ் வைக்க வேண்டுமா?

பழைய சோபா கடையில் ஒரு செய்ரோ 1,000 யென்னை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். தெம்புரா, வாத்து சேர்ந்தால் இரண்டு மடங்கு. நாபே என்றால் ஆளுக்கு 5,000 யென்னுக்குக் குறையாமல் எடுத்து வையுங்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீத வரி. டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். எழும்போது 'கொச்சிசோசமா' என்று சொன்னால் போதும், சமையலறையிலிருந்தும் பதில் குரல் வரும்.

எந்த மாதம் போவது நல்லது?

நாபேக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி. சோபாவுக்கு இலையுதிர்காலம், புது பக்வீட் அறுவடையாகி மணம் தூக்கலாக வரும். அந்தப் பருவத்தில் கடை வாசலில் புதுச் சோபா என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். நவம்பர் கடைசி இரண்டுக்கும் பொதுவாக அமையும். டிசம்பர் 31 மட்டும் வேண்டாம். ஆண்டு முடிவில் சோபா சாப்பிடுவது நாடு முழுக்க வழக்கம் என்பதால் வரிசை தெருவைச் சுற்றும்.

ஒரே நாளில் சோபாவும் நாபேயும் முடியுமா?

முடியும். மதியம் ஒரு செய்ரோ மட்டும் போதும், மாலை ஆறு மணிக்கு நாபே. இடையில் தகேமுராவுக்குப் போகலாம், அதுவும் பழைய மரக்கட்டடம்தான். உட்கார்ந்ததும் உப்பில் ஊறிய செர்ரிப் பூ போட்ட வெந்நீர் தருவார்கள். சிவப்பு அவரையை இனிப்பாகக் காய்ச்சிய ஓஷிருகோ, உள்ளே அதே அவரைப் பூரணம் வைத்துப் பொரித்த அகெமன்ஜு இரண்டும் அங்கே பெயர்பெற்றவை. அகெமன்ஜுவைப் பொரித்த சூட்டோடு அங்கேயே சாப்பிடுவது உத்தமம். கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள், மறுநாள் எண்ணெய் வாடை வரும்.